நடுத்தர பிக்கப்பா, முழு அளவு டிரக்கா? ஆரோரா வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி (சுருக்கியது):

கொலராடோவில், டென்வரை ஒட்டிய ஆரோராவில் இருக்கிறோம். நான், மனைவி, 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். மனைவியிடம் ஹோண்டா ஒடிஸி வேன் இருக்கிறது. என் பழைய கேம்ரியைக் கொடுத்துவிட்டு ஒரு பிக்கப் வாங்க நினைக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் போக வேண்டும். போன கோடையில் நண்பரின் ஜீப்பில் யூரே, சில்வர்டன் பக்கம் எஞ்சினியர் பாஸ் என்ற மலைக்கணவாய் ஏறினோம். அதிலிருந்து எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. இமோஜீன் பாஸ், சினமன் பாஸ், யூட்டாவில் வைட் ரிம் ரோடு என்று பெரிய பட்டியல் வைத்திருக்கிறேன். அடுத்த வருடம், பின்னால் இழுத்துப் போய் உள்ளே தங்குகிற மாதிரி ஒரு டிரெய்லர் வாங்கும் யோசனையும் உண்டு. நண்பர்கள் இரண்டு பேர் வாங்கிவிட்டார்கள். பார்த்து வைத்தது 23 அடி, காலி எடை 4,700 பவுண்டு, ஏற்றக்கூடிய உச்ச எடை 6,200 பவுண்டு. "டொயோட்டா டகோமாவே 6,400 பவுண்டு இழுக்கும், கவலையே வேண்டாம்" என்கிறார் டீலர். டெக்சாஸில் இருக்கும் மச்சான் "ஃபோர்டு எஃப்-150 வாங்கு, மற்றதெல்லாம் பொம்மை" என்கிறார். என் கண் ஃபோர்டு ரேஞ்சர் ராப்டர் மேல். பட்ஜெட் 60,000 டாலர். கராஜ் 20 அடி நீளம். கோடையில் அப்பா அம்மா திண்டுக்கல்லில் இருந்து வந்து ஆறு மாதம் இருப்பார்கள். அம்மாவுக்கு மூட்டுவலி. அப்பாவோ, ஊரில் விற்கிற ஹைலக்ஸை ஏன் வாங்கக் கூடாது என்று கேட்கிறார். மே மாதம் முதல் பயணம் போக ஆசை. எதை வாங்கலாம்?

பதில்:

வணக்கம். உங்கள் முழுக் கடிதத்தில் மலைப்பாதைகள் ஒரு பக்கத்துக்கு மேல் வருகின்றன, ஒவ்வொன்றும் பெயரோடு, உயரத்தோடு. டிரெய்லர் இரண்டே வரி, அதிலும் பாதி நண்பர்கள் வாங்கிய கதை. உங்கள் மனசு எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுத்தர பிக்கப் வாங்குங்கள். ஆனால் ராப்டர் வேண்டாம். அந்த 23 அடி டிரெய்லரும் வேண்டாம். டிரெய்லர் இல்லாமல் ஆகாது என்று மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து சொன்னால் மட்டும் மச்சான் பேச்சைக் கேட்டு முழு அளவு டிரக் எடுங்கள். இரண்டையும் ஒரே வண்டியில் சேர்க்கப் பார்த்தால் இரண்டிலும் இடிக்கும். நான் டெட்ராய்ட் பக்கம் பிக்கப்களின் சேசிஸ், இழுவைச் சோதனை வேலைகளில் நெடுநாள் இருந்தவன். டீலர் உங்களுக்குச் சொன்ன அந்த ஒற்றை வாக்கியம்தான் இந்தத் தொழிலில் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது. 6,400 என்ற எண் பொய்யில்லை. ஆனால் உங்கள் குடும்பம் போய் முட்டப்போகிற எண் அது இல்லை.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து மூடும் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் காற்றழுத்தத்தோடு, ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். அதுதான் பேலோடு. விளம்பரத்தில் வருகிற பேலோடு அந்த மாடலிலேயே ஆக லேசான வகைக்கு உரியது. ஸ்டிக்கரில் இருப்பது உங்கள் முன்னால் நிற்கிற அந்த ஒரே வண்டிக்கு உரியது. சன்ரூஃப், அடித்தகடுகள், பக்கப் படிகள் எனத் தொழிற்சாலையில் பூட்டிய ஒவ்வொன்றுக்கும் அதில் கொஞ்சம் குறையும்.

இதில் டிரெய்லர் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். ஊரில் மாட்டுவண்டிக்குப் பாரம் ஏற்றுகிறவர்கள் முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்தில் நுகத்தடி அழுத்தும், பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரிலும் அதே கணக்குத்தான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின் மேல் இறங்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் டிரெய்லர் நெடுஞ்சாலையில் வாலாட்டத் தொடங்கும். கொக்கியில் இறங்கும் அந்த எடையை இங்கே டங் வெயிட் என்பார்கள். அதைச் சுமப்பது உங்கள் பிக்கப்பின் பின்பக்கம். ஆகவே அது முழுக்க பேலோடிலிருந்து கழியும்.

சரி, கணக்குப் போடுவோம். மண்பாதை, மலைப்பாதைக்கென்று வரும் ஆஃப்-ரோடு வகை நடுத்தர பிக்கப்களில் ஸ்டிக்கர் எண் ஏறத்தாழ 1,000 முதல் 1,400 வரை இருக்கும். உங்களுக்கு 1,150 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 180, மனைவி 140, பிள்ளைகள் 70, 50. ஆக 440. டிரெய்லரின் காலி எடை 4,700 என்பது தொழிற்சாலை வாசலில் நிற்கும்போது உள்ள எடை. கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், படுக்கை, நாற்காலி எல்லாம் ஏற வேண்டும். தண்ணீர் மட்டுமே கேலனுக்கு 8.3 பவுண்டு, 40 கேலன் தொட்டி நிறைந்தால் 330க்கு மேல். மளிகையோடு கிளம்பும்போது 5,800 என்பது நியாயமான மதிப்பு. அதில் 13 சதவீதம் 754 பவுண்டு. 440ஐயும் 754ஐயும் கூட்டினால் 1,194. பிக்கப்பின் பின்தொட்டியில், அதாவது பின்னால் சரக்கு வைக்கும் திறந்த பகுதியில், ஒரு ஐஸ்பெட்டிகூட வைக்கவில்லை, கொக்கியின் எடையைச் சேர்க்கவில்லை. அதற்குள் ஸ்டிக்கரைத் தாண்டிவிட்டது. டீலர் சொன்ன 6,400க்கு இன்னும் 600 பவுண்டு மிச்சம் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். இழுவை எண்படி எல்லாம் சுகம், சுமை எண்படி வண்டி ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது.

பின்னால் ஏர்பேக் ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். வண்டி மட்டமாக நிற்கும், அவ்வளவுதான். ஆக்சில், பிரேக், டயர், வண்டியின் அடிச்சட்டம் எல்லாம் பழையபடியே இருக்கும். ஸ்டிக்கர் எண் ஒரு பவுண்டுகூட ஏறாது.

அந்த இழுவை எண்ணை எப்படி எடுக்கிறார்கள் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்.ஏ.இ. ஜே2807 என்று ஒரு பொது விதி இருக்கிறது. அது வருவதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தது. தன் முழு அளவு டிரக்கான டண்ட்ராவின் 2011 மாடலுக்கு டொயோட்டாதான் முதலில் அந்த விதிப்படி எண் கொடுத்தது. மற்றவர்கள் மெல்ல வந்தார்கள். அந்தச் சோதனையின் பெயர்பெற்ற இடம் அரிசோனாவில் புல்ஹெட் சிட்டி பக்கம் இருக்கும் டேவிஸ் டாம் ஏற்றம். 11 மைலுக்கு மேல் விடாமல் ஏறும் சாலை. 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், ஏ.சி. முழு வேகம், மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. கடுமையான சோதனைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வண்டிக்குள் இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு என்றுதான் கணக்கு. பின்சீட்டில் பிள்ளைகள் கிடையாது. பின்தொட்டியில் சைக்கிள் கிடையாது. நம் குடும்பங்கள் பயணம் போவது அப்படியா? ஒரு வாரத்துக்கான அரிசி பருப்போடு குக்கரும் போகும்.

உங்கள் ஊர் கணக்கு இன்னொரு படி கஷ்டம். டேவிஸ் டாம் ஏற்றம் முடிவதே 3,500 அடி உயரத்தில். ஆரோரா கிளம்பும்போதே 5,400 அடி. ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஐசனோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேல். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் சக்தி இழக்கும். சுரங்க வாசலில் மூன்றில் ஒரு பங்கு குதிரைத்திறன் காணாமல் போயிருக்கும். நிஸான் ஃபிராண்டியரின் 3.8 லிட்டர் வி6, ஜீப் கிளாடியேட்டரின் 3.6 லிட்டர் வி6 இரண்டும் இந்த வகை. 2023 வரை வந்த டகோமாவின் 3.5 லிட்டர் வி6 எஞ்சினும் அப்படியே, ஏற்றத்தில் கியரை மாற்றி மாற்றித் தேடிக்கொண்டிருக்கும். பழைய வண்டி பார்ப்பதாக இருந்தால் இதை மனதில் வையுங்கள். 2024க்குப் பிந்தைய டகோமாவின் 2.4 லிட்டர், செவர்லேயின் கொலராடோ பிக்கப்பின் 2.7 லிட்டர், எஃப்-150இன் 2.7, 3.5 லிட்டர் எஞ்சின்கள் டர்போ வைத்தவை. உயரத்தில் இவை அவ்வளவாகச் சோர்வதில்லை.

ஏறுவதைவிட எனக்குப் பயம் இறங்குவதில். சுரங்கத்தைத் தாண்டி சில்வர்தார்னுக்கு 7 சதவீதச் சரிவு. பிரேக் போன லாரிகள் ஏறி நிற்க மணல்மேடுகள் அமைத்திருக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். 5,800 பவுண்டு டிரெய்லர் பின்னால் தள்ள, அதைவிட லேசான பிக்கப் முன்னால் பிடித்து நிறுத்த வேண்டும். டிரெய்லருக்கே பிரேக் இருக்கும். 3,000 பவுண்டைத் தாண்டினால் கொலராடோ மாநிலச் சட்டமும் அதைக் கேட்கிறது. இருந்தாலும் பக்கக்காற்று ஒன்று அடித்து டிரெய்லர் அசையத் தொடங்கினால், வண்டியின் நீளமும் எடையும்தான் கை கொடுக்கும். மலைப்பாதையில் குறையாக நிற்கிற அதே நீளமும் எடையும் இங்கே வரம். மச்சான் சொல்வது இந்த இடத்தில் நூற்றுக்கு நூறு சரி. 1,700 பவுண்டு ஸ்டிக்கர் உள்ள எஃப்-150இல் நீங்கள் நால்வர், அந்த டிரெய்லரின் டங் வெயிட், 90 பவுண்டு எடையுள்ள நல்ல கொக்கி எல்லாம் போக இன்னும் 400 பவுண்டு கையில் இருக்கும்.

இப்போது உங்களுக்குப் பிடித்த பக்கத்துக்கு வருவோம். ஆல்பைன் லூப்பைப் பொறுத்தவரை முழு அளவு டிரக் ஓடாது என்பதில்லை. லேக் சிட்டி, சில்வர்டன், யூரேயை இணைக்கும் அந்த 65 மைல் சுற்றில் 12,640 அடி சினமன் பாஸிலும் 12,800 அடி எஞ்சினியர் பாஸிலும் எஃப்-150களும் டண்ட்ராக்களும் ஏறி இறங்குகின்றன. தொந்தரவு வேறு மாதிரி. ஒரு பக்கம் பாறைச்சுவர், மறுபக்கம் பாதாளம், நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். எதிரே வண்டி வந்தால் ஏறுகிறவருக்குத்தான் வழி, இறங்குகிறவர் அகலமான இடம்வரை பின்னால் போக வேண்டும். இருபக்கக் கண்ணாடிகளோடு சேர்த்தால் எஃப்-150 ஏறத்தாழ 96 அங்குலம், அதாவது 8 அடி. அதை வைத்துக்கொண்டு, பின்சீட்டில் பிள்ளைகள் அலற, இருநூறு அடி பின்னோக்கிப் போவதை யோசித்துப் பாருங்கள். முடியும். ஆனால் விடுமுறையில் செய்ய ஆசைப்படுகிற காரியம் அல்ல.

நீளமும் அப்படித்தான். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே டகோமா நாலு கதவு வகையில் 131.9 அங்குலம், எஃப்-150 சூப்பர்க்ரூவில் 145 அங்குலத்துக்குச் சற்று மேல். மேடு தாண்டும்போது வயிறு தட்டுவதும், கொண்டை ஊசி வளைவில் ஒரே திருப்பில் வராமல் முன்னும் பின்னும் போக வேண்டியிருப்பதும் இந்த எண்ணைப் பொறுத்தவை. அதற்காக நடுத்தர பிக்கப் என்றால் ஜீப் மாதிரி என்றும் எண்ண வேண்டாம். நண்பரின் ஜீப் நாலு கதவு ரேங்ளராக இருந்தால் அதில் இதே அளவு 118.4 அங்குலம்தான். ஜீப்பின் பிக்கப்பான கிளாடியேட்டரில் 137.3, டகோமாவைவிட அதிகம். பிளாக் பேர் பாஸ் உங்கள் பட்டியலில் இல்லை, நல்லது. டெல்யூரைடு பக்கம் இறங்கும் அந்த வளைவுகளில் எந்த பிக்கப்பையும் முதல் வருடமே கொண்டுபோக வேண்டாம். இமோஜீன், 13,114 அடி, நடுத்தர பிக்கப்பில் தாராளமாகப் போகலாம், நல்ல டயரும், மெதுவாக ஆனால் அதிக விசையோடு ஏற்றும் லோ ரேஞ்ச் கியரும், இரு பின்சக்கரங்களையும் சேர்ந்தே சுழல வைக்கும் பின் லாக்கரும் இருந்தால்.

ரேஞ்சர் ராப்டர் விஷயத்தில் நீங்கள் என்மேல் கோபப்படலாம். அருமையான வண்டி. 3 லிட்டர் இரட்டை டர்போ வி6, 405 குதிரைத்திறன், ஃபாக்ஸ் நிறுவனத்தின் ஷாக்குகள் (அதிர்வுதாங்கிகள்), முன்னும் பின்னும் லாக்கர். எனக்குச் சும்மா கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது மணல்வெளியில் அறுபது எழுபது மைல் வேகத்தில் பறப்பதற்காகச் செய்தது. இந்தக் கணவாய்கள் இருக்கும் சான் ஹுவான் மலைகளில் நீங்கள் போகப்போவது மணிக்கு எட்டு, பத்து மைல். அந்த ஷாக்குகளுக்குக் கொடுக்கிற பணத்தில் பாதிக்கு அங்கே வேலையே இல்லை. மென்மையான ஸ்பிரிங்குகளின் விலையை வேறொரு இடத்தில் கட்ட வேண்டும். சாதாரண ரேஞ்சர் 7,500 பவுண்டு வரை இழுக்கும், ராப்டர் 5,510 மட்டும். உங்கள் டிரெய்லர் கணக்கு இழுவை எண்ணிலேயே அடிபட்டுவிடும். செவர்லே கொலராடோவிலும் இதே கதை, சாதாரண வகை 7,700, இசட்ஆர்2 வகை 6,000. பேட்ஜ் எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு முதுகு மெலிந்திருக்கும் என்பது இந்தச் சந்தையின் வழக்கம்.

இன்னொன்று. குறுகலாக இருக்கும் என்றுதானே நடுத்தர வண்டி பார்க்கிறோம்? ரேஞ்சர் ராப்டரின் உடல் அகலம் 79.8 அங்குலம். எஃப்-150இன் உடல் அகலம் 79.9. ஒன்றேதான். இந்த 79.9 எங்கிருந்து வருகிறது என்றால், 80 அங்குலத்தைத் தொட்டால் அமெரிக்க விதிப்படி மேலே தனி விளக்குகள் வைக்க வேண்டும். பெரிய எஃப்-150 ராப்டரின் முகப்பில் மூன்று சின்ன ஆரஞ்சு விளக்குகள் எரிவது அழகுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அதன் அகலம் 87 அங்குலத்தை ஒட்டியது, சட்டம் கேட்கிறது, வைத்திருக்கிறார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் டகோமாவில் டிஆர்டி ஆஃப்-ரோடு வகை, நாலு கதவு, 5 அடி பின்தொட்டி. உடல் அகலம் 77 அங்குலத்தை ஒட்டியது. பின் லாக்கர், லோ ரேஞ்ச் உண்டு. விலையும் நாற்பதாயிரங்களில் முடியும். மிச்சப் பணத்தில் கல்லுக்கும் மண்ணுக்கும் ஏற்ற நல்ல ஆல்-டெரெய்ன் டயர், பக்கவாட்டுக் காப்புக் கம்பியான ராக் ஸ்லைடர், ஒரு காற்றடிக்கும் கம்ப்ரஸர் வாங்குங்கள். பாதை தொடங்கும் இடத்தில் டயர் காற்றை 20 பிஎஸ்ஐ பக்கம் இறக்கி, திரும்பும்போது ஏற்றிக்கொள்வது வண்டியை உயர்த்தும் மூன்றாயிரம் டாலர் லிஃப்ட் கிட்டைவிட அதிகம் உதவும். லிஃப்ட் வேண்டவே வேண்டாம். கொலராடோ இசட்ஆர்2 பிடித்திருந்தால் அதுவும் நல்ல வண்டிதான். முன்னும் பின்னும் லாக்கர், 33 அங்குல டயர், மலைப்பாறைக்கும் மணலுக்கும் நடுவில் நியாயமாக நிற்கிறது. ஓட்டிப் பார்த்து எது கைக்கு வருகிறதோ அதை எடுங்கள். இந்த இரண்டுக்குள் நான் அடம்பிடிக்க மாட்டேன்.

பின்சீட் விஷயத்தில் டகோமாவின் குறையை மறைக்கக் கூடாது. காலுக்கு 33.7 அங்குலம், எஃப்-150 சூப்பர்க்ரூவில் 43.6. பத்து அங்குல வித்தியாசம். 9 வயதுக்கும் 6 வயதுக்கும் தாராளம். மூத்த பிள்ளைக்குப் பதினான்கு ஆகும்போது முழங்கால் உங்கள் முதுகில் இருக்கும். டீலரிடம் போகும்போது உங்கள் வசதிக்கு முன்சீட்டை வைத்துவிட்டு, அதற்குப் பின்னால் நீங்களே ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஐந்து வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் இது பெரிய விஷயமில்லை. டகோமாக்கள் மறுவிற்பனையில் விலை எளிதில் இறங்குவதில்லை.

கராஜ் கணக்கு சுலபம். எஃப்-150 சூப்பர்க்ரூ, ஐந்தரை அடிப் பின்தொட்டி, ஏறத்தாழ 232 அங்குலம். உங்கள் 20 அடி என்பது 240. எட்டு அங்குலம் மிச்சம், அதில் கொக்கியும் நீட்டிக்கொண்டிருக்கும், சுவரில் அலமாரி இருந்தால் போச்சு. அப்புறம் கதவை மூட முடியாமல் டிரைவ்வேயில்தான் நிற்கும், ஆலங்கட்டி மழைக்குப் பேர்போன ஊரில். டகோமா 213 அங்குலம், நிம்மதியாக உள்ளே போகும்.

பெட்ரோல் செலவைப் பற்றி முழுக் கடிதத்தில் நீங்கள் கவலைப்பட்ட அளவுக்கு வித்தியாசம் கிடையாது. டகோமா 4x4, எஃப்-150 2.7 லிட்டர் 4x4 இரண்டும் அரசு மதிப்பீட்டில் கேலனுக்கு 20 மைலை ஒட்டியே நிற்கின்றன. ரேஞ்சர் ராப்டர் 17. சின்ன வண்டி, அதனால் சிக்கனம் என்பது இங்கே பலிக்காது. பெரிய டிரெய்லரைக் கட்டிவிட்டால் எந்த வண்டியும் பத்து மைல் பக்கம் வந்துவிடும். டகோமாவின் 18 கேலன் பெட்ரோல் தொட்டியோடு டிரெய்லர் இழுத்தால் 150 மைலுக்கு ஒருமுறை பங்க் தேட வேண்டும், அதுவும் 23 அடி டிரெய்லர் திரும்புகிற பங்க்காக. எஃப்-150இல் 36 கேலன் தொட்டியே வாங்க முடியும்.

அம்மாவுக்கு மூட்டுவலி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஃப்-ரோடு பிக்கப் எதுவானாலும் ஏற உயரம்தான், பெரிய டிரக் இன்னும் உயரம். ராக் ஸ்லைடரை ஏறும்படியாக நினைக்க வேண்டாம், அது பாறையிலிருந்து கதவைக் காப்பாற்ற வைப்பது. அவர்கள் இருக்கும் ஆறு மாதம் ஒடிஸிதான் குடும்ப வண்டி. ஆறு பேரும் அதில் தாராளமாகப் போகலாம், டகோமாவில் ஐந்து சீட்தான். வேன் வீட்டில் இல்லாமல் இருந்திருந்தால், முன்னால் பெஞ்ச் சீட் வைத்து ஆறு பேர் உட்காரும் எஃப்-150 எக்ஸ்எல்டி மாதிரி ஒன்றைத்தான் சொல்லியிருப்பேன்.

டிரெய்லர் ஆசையை அடியோடு விடச் சொல்லவில்லை. பயணத்துக்குத் தயாராக ஏற்றிய நிலையில் 3,600 பவுண்டுக்குள் அடங்கும் சின்ன டிரெய்லர்கள் நிறைய உண்டு. டங் வெயிட் 470 பக்கம் வரும். உங்கள் நால்வரின் 440, கொக்கிக்கு ஒரு 70 சேர்த்தாலும் 1,150 ஸ்டிக்கருக்குள் கொஞ்சம் இடம் மிச்சம். முதலில் அப்படி ஒன்றை வாடகைக்கு எடுத்து இரண்டு வாரக் கடைசிகள் போய் வாருங்கள். கிளம்பும் வழியில் லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் எடைமேடை இருக்கும், பதினைந்து டாலர் அளவில் ஆகும், நிறுத்தி அளந்து பாருங்கள். என் கணக்கைவிட அந்தச் சீட்டை நம்புங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் எச்.ஓ.ஏ. (குடியிருப்புச் சங்கம்) விதிகளையும் எடுத்துப் படியுங்கள். டிரெய்லரை டிரைவ்வேயில் நிறுத்தவிடாத குடியிருப்புகள் அதிகம். மாத வாடகைக்கு வெளியே இடம் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தால், அந்தச் செலவில் யூரேயில் எத்தனை இரவு அறை எடுக்கலாம் என்று மனைவி கேட்பார்.

சரி, வீட்டில் வாக்கெடுப்பு நடந்து பெரிய டிரெய்லர் ஜெயித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது எஃப்-150, அல்லது ராம் 1500, சில்வராடோ 1500, டண்ட்ரா. எல்லாவற்றிலும் நடுத்தர ட்ரிம், ஆஃப்-ரோடு முரட்டு பேட்ஜ் இல்லாதது, இழுவை பேக்கேஜோடு. டேஷ்போர்டிலேயே டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர், பின்னால் ஏழு முனை பிளக் இரண்டும் இருக்க வேண்டும். ஸ்டிக்கர் 1,600க்குக் கீழே இருந்தால் பக்கத்தில் நிற்கும் வண்டியைப் பாருங்கள். பழைய வண்டி எடுத்தால் ரீகால் வேலை, அதாவது நிறுவனமே திரும்ப அழைத்துச் சரிசெய்யும் பழுது, முடிந்ததா என்று வின் எண்ணை (வண்டியின் அடையாள எண்) வைத்துச் சரிபாருங்கள். 2022, 2023 டண்ட்ராக்களில் எஞ்சினுக்குள் உலோகத்துகள் தங்கியதற்காக ஒரு லட்சம் வண்டிகள் அளவுக்கு 2024இல் ரீகால் வந்தது. ஜி.எம்.மின் 6.2 லிட்டர் வி8க்கு 2025இல் அதைவிடப் பெரிய ரீகால். வேலை முடிந்த வண்டி என்றால் பயப்படத் தேவையில்லை, முடியாத வண்டியைப் பேரம் படிகிறது என்று எடுக்காதீர்கள்.

அப்படிப் பெரிய டிரக் வாங்கினாலும் இமோஜீன் பாஸ் கைவிட்டுப் போகாது. யூரே, சில்வர்டன், யூட்டாவின் மோவாப் மூன்றிலும் ஜீப் வாடகைக்குத் தருகிறார்கள், அந்தப் பாதைகளுக்காகவே. விமான நிலைய வாடகைக் கார்களை மண்பாதையில் இறக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும், இவர்கள் அனுமதித்தே தருகிறார்கள். டிரெய்லரை முகாமில் நிறுத்திவிட்டு இரண்டு நாள் ஜீப்பில் சுற்றி வரலாம். கீறல் விழுந்தாலும் உங்கள் 60,000 டாலர் வண்டியில் விழாது.

அப்பாவுக்கு ஹைலக்ஸ் பதில். 1964 முதல் வெளிநாட்டில் இருந்து வரும் லேசான டிரக்குகளுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி போட்டு வருகிறது. ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக வந்தது, இன்றும் சிக்கன் டாக்ஸ் என்றே பெயர். கோழிச் சண்டை முடிந்து பல காலம் ஆகிவிட்டது, வரி மட்டும் நிற்கிறது. அதனால் ஜப்பான், தாய்லாந்தில் இருந்து பிக்கப் கொண்டுவந்து விற்பது கட்டுப்படியாகவில்லை. 1995இல் டொயோட்டா இந்த ஊருக்கென்றே டகோமாவைக் கொண்டுவந்தது. இப்போது அது மெக்சிகோவில் தயாராகிறது, வர்த்தக ஒப்பந்தம் இருப்பதால் அங்கிருந்து வருவதற்கு சிக்கன் டாக்ஸ் கிடையாது. அப்பாவிடம் ஹைலக்ஸின் அண்ணன் மகன் என்று சொல்லி வையுங்கள், ஒப்புக்கொள்வார்.

மே மாதப் பயணத்துக்கு மட்டும் திட்டத்தை மாற்றுங்கள். சான் ஹுவான் கணவாய்களில் அப்போது பனி மலைபோல் கிடக்கும். எஞ்சினியர், சினமன் எல்லாம் பனியை வெட்டித் திறக்கவே மே கடைசி, ஜூன் ஆகும். இமோஜீன் திறக்க ஜூன் கடைசியோ ஜூலையோ ஆகிவிடும். மே தொடக்கத்தில் மோவாப் போங்கள், வெயில் ஏறுவதற்கு முன். வைட் ரிம் ரோடு 100 மைல், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளாகப் பிரித்து ஓட்டுவார்கள். பகலில் போய் வரவும் இரவு தங்கவும் கேனியன்லேண்ட்ஸ் பூங்காவின் அனுமதிச்சீட்டு வேண்டும், வசந்தகால இரவுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். வண்டி கைக்கு வருவதற்கு முன்பே அதைப் பதிவு செய்துவிடுங்கள். வழியில் தண்ணீர் கிடைக்காது, தேவையானதை எல்லாம் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.